பொருநை கொற்கையோடு முடிந்துவிடவில்லை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பேருந்து பழையகாயலைக் கடந்து, முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகக் காயல்பட்டினத்தை அடைகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தில் நாம் கடப்பது பாண்டிய நாட்டுக் கடல் வாணிகத்தின் பல நூற்றாண்டுகளை. பெரும்பாலான பயணிகள் அப்போது உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விழித்திருக்கும் வரலாற்று ஆர்வலர்களே அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று ஒரு நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், காயல்பட்டினத்தில் இறங்கிப் பழைய பள்ளிகளைப் பார்த்துச் செல்லலாமே என்று நாம் சொன்னோம். உடன் வந்தவர் நன்றாகப் படித்தவர். கல்வெட்டு என்றால் உணவையும் மறந்து நிற்பவர். அவர் சொன்ன மறுமொழி: "அங்கே என்ன இருக்கிறது? பள்ளிவாசல்தானே?"

அந்தத் 'தானே' என்ற சொல்லுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறோம். நண்பர் பகைமையால் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் எமக்கு வருத்தம். பகைமை என்றால் வாதாடலாம். இது பழக்கம். பள்ளிவாசல் என்பது தமிழ்நாட்டு வரலாற்றின் வெளியே, வேறொரு வரலாற்றின் உள்ளே இருப்பது என்ற பழக்கம்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். 'பள்ளி' என்பது எங்கிருந்து வந்தது? அரபியிலிருந்தோ பாரசீகத்திலிருந்தோ அன்று. சமணத் துறவியர் தங்கிய இடம் பள்ளி. பௌத்த விகாரம் பள்ளி. பிற்காலத்தில் பிள்ளைகள் எழுத்துப் படித்த இடமும் பள்ளி. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய அரசர் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு 'இராசராசப் பெரும்பள்ளி' என்று பெயர் வழங்கியதை நம் வாசகர்கள் அறிவார்கள். கடல் கடந்து வந்தவர்களுடைய வழிபாட்டிடத்துக்கு உள்நாட்டு மன்னன் தன் பெயரைத் தருவது அக்காலத்து மரபு. மன்னன் பெயர் ஏறிய இடம் மன்னனின் காப்புக்குள் வந்த இடம்.

இனிக் காயல்பட்டினத்துக்கு வருவோம். அவ்வூர்ப் பள்ளியொன்றுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி'. உதயமார்த்தாண்டன் என்பது வேணாட்டு அரசர் பலர் சூடிய பெயர். பாண்டியர் வலி குன்றிய பின் வேணாட்டு ஆட்சி களக்காடு, சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிச் சமவெளியில் பரவியிருந்தது. பள்ளிக்கு மட்டுமன்று, அங்கிருந்த காதியாருக்கும் 'உதயமார்த்தாண்ட காதியார்' என்று மன்னன் பெயரே பட்டமாயிற்று. இராசராசப் பெரும்பள்ளி என்றால் தமிழர் பெருமை என்கிறோம். மேடைதோறும் பேசுகிறோம். உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்றால் மட்டும் 'பள்ளிவாசல்தானே' என்கிறோம். பெயரிட்ட முறை ஒன்று, சொல் ஒன்று, காரணமும் ஒன்று. வேறுபடுவது நம் காது மட்டும்தான்.

இன்னொரு கல்வெட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அது தாமிரபரணிக்கு வடக்கே, இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. பாண்டிய நாட்டுத் துறைமுகப் பள்ளிகள் எவ்வாறு வாழ்ந்தன என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த 'சோனகச் சாமந்தப் பள்ளி'க்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுந்தரபாண்டியன் இறையிலி அளித்த செய்தியைக் கூறுவது அது. அரபு நாட்டாரையும் அவர் வழிவந்தாரையும் சோனகர் என்று அழைப்பது அன்றைய வழக்கு. பள்ளிக்கு அளித்த கொடை எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில்! பள்ளிக்கு விட்ட நிலத்துக்குக் காவல் பெருமாள் கோயில் சுவர். இதைப் படித்த பிறகும் 'அவர்கள் வரலாறு, நம் வரலாறு' என்று பிரித்துப் பேச ஒருவருக்கு எப்படி வாய் வருகிறது என்பது எமக்கு விளங்கவில்லை.

வாய் வருவதற்குக் காரணம் உண்டு. பள்ளிப் பாடம் அப்படி. 1311இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்தார், அத்தோடு இசுலாமும் வந்தது என்பதே நம் தலைமுறையின் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம். அந்தப் படையெடுப்பைப் புகழ்ந்து எழுதியவர் அமீர் குஸ்ரு. தில்லி அரசவைப் புலவர். அவருடைய எழுத்திலேயே ஓரிடம் வருகிறது. பாண்டியன் பக்கம் நின்ற முசுலிம் வீரர்களைத் தில்லிப் படை எதிர்கொள்கிறது. அவர்கள் பாதி இந்துக்களாகவே வாழ்பவர்கள் என்று எள்ளுகிறார் குஸ்ரு. ஆயினும் கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிர் தப்பினர் என்கிறார். அதாவது, மாலிக் காபூர் இங்கே வந்தபோது அவரை எதிர்த்து நின்ற பாண்டியனின் பக்கத்தில் முசுலிம்கள் இருந்தார்கள். தில்லிப் புலவரின் கண்ணுக்கு அவர்கள் போதிய முசுலிம்களாகத் தெரியவில்லை. இன்று சிலர் கண்ணுக்கு அவர்கள் போதிய தமிழர்களாகத் தெரிவதில்லை. எழுநூறு ஆண்டுகளில் அந்த மக்களுக்கு வாய்த்த முன்னேற்றம் இவ்வளவுதான் போலும்.

படையெடுப்புக்கு முன் இந்தக் கழிமுகத்தில் என்ன நடந்தது என்பதை வெளியார் இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. ஹோர்முசிலிருந்தும் கீசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வரும் கலங்கள் காயலில்தான் அணைகின்றன என்கிறார். அரசன் நீதியாக ஆள்கிறான், அயல் வணிகரை ஆதரிக்கிறான், ஆகவே அவர்கள் விரும்பி வருகிறார்கள் என்றும் சொல்கிறார். மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். கீசுத் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்படிக்கை இருந்தது; ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார்; வழியில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு சாமர்த்தியமான ஒப்பந்தம் பாருங்கள்! கடலில் செத்த குதிரைக்கும் பணம். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரகுமான் சுந்தரபாண்டியனின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன.

வஸ்ஸாப் சொல்லும் இன்னொரு செய்திதான் எமக்கு எல்லாவற்றிலும் சுவையானது. குதிரைகளுக்கான பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்றால், கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிலைச் சேர்ந்த கணிகையர் செலுத்திய வரியிலிருந்தும் என்று எழுதுகிறார். அவர் கேட்டதை அப்படியே நம்ப வேண்டுமா என்பது வேறு. ஆனால் அன்றைய பொருளியலின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. தாமிரபரணி நெல் கோயிலுக்குப் போகிறது. கோயில் பொன் குதிரைக்குப் போகிறது. குதிரையைக் கொண்டுவந்தவர் காயலில் இறங்குகிறார், தொழுகிறார், இறக்கிறார், அங்கேயே அடக்கமாகிறார். அவருக்கு ஒரு பள்ளியும் ஒரு அடக்கத்தலமும் தேவைப்படுகின்றன. அவற்றைத் தனியே வெட்டி எடுத்து 'அயல்' என்று பெயர் ஒட்டுவது, கோயில் தூணைத் தனியே வெட்டி எடுத்து அதற்கும் நெல்லுக்கும் தொடர்பில்லை என்பதைப் போன்றது.

பள்ளி என்பது தொழுமிடம் மட்டுமாக அன்று இருந்திருக்க முடியாது. அரபிக் கடலின் மறுகரையிலிருந்து பருவக் காற்றில் வந்தவன் அடுத்த காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தாக வேண்டும். தங்க இடம், நல்ல தண்ணீர், நம்பிக்கையான எழுத்தர், வழக்கென்று வந்தால் தீர்க்க ஒரு காதியார், இறந்துபோனால் உடைமையை உரியவனிடம் சேர்க்க ஓர் ஏற்பாடு. இவையெல்லாம் பள்ளியைச் சுற்றியே அமைந்தன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பர்போசா காயலில் வாழ்ந்த ஒரு பெருவணிகரைக் குறிப்பிடுகிறார். முத்து வரிக் குத்தகையை நெடுங்காலமாக வைத்திருந்தவர். தம் சமூகத்தாருக்கு அரசன் குறுக்கீடு இன்றித் தாமே நீதி வழங்கியவர். அரசனும் அதற்கு இசைந்திருந்தான். அப்போது காயலுக்கு உரியவன் கொல்லத்து அரசன், அதாவது வேணாட்டான் என்கிறார் பர்போசா. காதியாருக்கு மன்னன் பட்டம் தந்த கல்வெட்டோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் சித்திரம் நிறைவு பெறுகிறது.

இதுவரை ஒரு பக்கத்தாரைக் கடிந்தோம். மறுபக்கத்தாரையும் விடுவதற்கில்லை.

'இந்தியாவின் முதல் பள்ளிவாசல் எது' என்று ஒரு போட்டி நடக்கிறது. கொடுங்கல்லூருக்கு 629 என்கிறார்கள். கீழக்கரைக்கு 628 என்கிறார்கள். காயல்பட்டினத்து ஊர் வரலாறுகளும் ஏழாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகின்றன. ஓராண்டு வித்தியாசத்தில் தங்கப் பதக்கம் கைமாறும் ஓட்டப் பந்தயம் போல இருக்கிறது. நாம் பணிவோடு கேட்கிறோம்: சான்று எங்கே? வாய்மொழி மரபை நாம் இகழவில்லை. ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன நம்புகிறது என்பதும் வரலாற்றுச் செய்திதான். ஆனால் நம்பிக்கையைக் கல்வெட்டாகக் காட்டலாகாது. 849ஆம் ஆண்டுக் கொல்லத்துச் செப்பேட்டில் அரபு எழுத்தில் கையொப்பமிட்ட சாட்சிகள் இருக்கிறார்கள். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் அதில் வருகிறது. தமிழகக் கடற்கரையில் பிற்காலத்தில் அஞ்சுவண்ணம் முசுலிம் வணிகரையே குறித்தது என்று எ. சுப்பராயலு ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இவையெல்லாம் உறுதியான நிலங்கள். இவற்றின் மேல் நின்றால் யாரும் அசைக்க முடியாது. 628 என்ற ஒற்றைக் காலில் நின்றால், நாளை ஒருவர் வந்து அதைத் தட்டிவிடும்போது, கூடவே உண்மையான பதின்மூன்றாம் நூற்றாண்டும் விழும். எதிரிக்கு இதைவிட எளிய வேலையை யாரும் செய்து கொடுக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. இவர்கள் நல்லவர்கள். மேடையில் 'மத நல்லிணக்கத்தின் சின்னம்' என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுபவர்கள். அந்தச் சர்க்கரைப் பாகில் முங்கிய வரலாறும் எமக்கு வேண்டாம். முத்துக்குளித்துறையில் பரதவருக்கும் முசுலிம்களுக்கும் கடும்பகை மூண்டது. 1530களில் பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவிப் போர்ச்சுகீசியரின் காப்பை நாடியதற்கு அந்தப் பகையே உடனடிக் காரணம். 1538இல் வேதாளையில் மரைக்காயர் கப்பற்படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்தனர். தாமிரபரணியின் வாயில் புன்னைக்காயல் எழுந்தது. அன்றிக்கு பாதிரியார் அங்கே தமிழ் கற்று எழுதினார். ஒரே கழிமுகத்தில் மூன்று சமயங்கள், ஒரே முத்து, நிறைய இரத்தம். பள்ளியும் தேவாலயமும் கோயிலும் அக்காலத்தில் அதிகாரத்தின் இருக்கைகளும்தாம். இதைச் சொல்லாமல் நல்லிணக்கம் பேசுவது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. சண்டை போட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதே எமது வாதம். அயலான் கொள்ளையடித்துவிட்டுப் போவான். பங்குக்குச் சண்டை போடுபவன் பங்காளிதான்.

இனிக் கட்டடத்துக்கு வருகிறோம். இதை எழுதத் தூண்டிய உண்மையான காரணம் அதுவே.

காயல்பட்டினத்துக் குத்பா பெரிய பள்ளி, குத்பா சிறிய பள்ளி, இரட்டைக்குளத்துப் பள்ளி, மகுதூம் பள்ளி என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பள்ளி. இப்பக்கத்துப் பழைய பள்ளிகளில் பழமை மாறாத பகுதிகளைப் பார்த்தால், கூம்பிய குவிமாடம் எதுவும் கண்ணில் படாது. கருங்கல் தூண்கள், சதுரமும் எண்பட்டையுமாக மாறிவரும் உடல், மேலே போதிகை, அதன் மேல் கல் உத்திரம், அதன் மேல் கற்பலகை பாவிய தட்டைக் கூரை. நம் கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே கைகள். உருவங்கள் இல்லை, அவற்றின் இடத்தில் கொடியும் தாமரையும். தச்சனுக்கு மேற்கு நோக்கிய சுவரில் ஒரு மாடம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. மற்றதெல்லாம் அவன் அறிந்ததே. ஈரானிய அறிஞர் மெஹ்ர்தாத் ஷொகூஹி இந்தப் பள்ளிகளையும் அரபு எழுத்துக் கல்லறைக் கற்களையும் அளந்து, வரைந்து, 2003இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். நம் தமிழ்க் கட்டடக்கலை நூல்களைப் புரட்டிப் பாருங்கள். பல்லவர், சோழர், பாண்டியர், நாயக்கர் என்று வரிசை வரும். இந்த மண்டபங்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு விரல்கள் மிச்சமிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு கல் மண்டபம், காயல்பட்டினத்தில் அன்று, ஆற்றின் மேலே உள்ள ஒரு சிற்றூரில் இருந்தது. பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்குப் பிறகு நாம் மறுமுறை சென்றபோது அது இல்லை. அதன் இடத்தில் பச்சைக் கண்ணாடி பதித்த முகப்பும், வழுக்கும் தரை ஓடுகளும், சிமெண்டுக் குவிமாடம் ஒன்றும் நின்றன. பழைய தூண்கள் எங்கே என்று கேட்டோம். பனைமரத்தடியில் நான்கு கிடந்தன. ஒன்று வாய்க்கால் கரையில் துவைகல்லாகிவிட்டிருந்தது.

ஊர்ப் பெரியவர்களிடம் சினத்தோடுதான் பேசத் தொடங்கினோம். அவர்கள் சொன்னதைக் கேட்டபின் சினம் சற்றுத் தணிந்தது. வெள்ளிக்கிழமை இடம் போதவில்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகிற்று. ஒழுக்கை அடைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசு வந்தது. அவர்களுக்குத் தாங்கள் துபாயில் பார்த்தது போன்ற பள்ளி வேண்டியிருந்தது. "எங்க பள்ளி கோயில் மாதிரி இருக்குன்னு வெளியூர்க்காரங்க கேலி பேசுனாங்க தம்பி" என்றார் ஒரு முதியவர். இந்தச் சொல்தான் எம்மைத் தைத்தது. ஒரு பக்கம், 'பள்ளிவாசல்தானே' என்று ஒதுக்கும் ஆர்வலர். மறுபக்கம், 'கோயில் மாதிரி இருக்கிறதே' என்று நகைக்கும் வெளியூரார். இருவருக்கும் நடுவே அகப்பட்ட கல் மண்டபம் என்ன செய்யும்? இடிந்துதான் போகும்.

இது பள்ளிவாசல்களுக்கு மட்டும் நேரும் கேடு என்று யாரும் மகிழ வேண்டாம். கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் மணல் வீச்சில் எழுத்துகள் தேய்ந்ததும், பழைய கற்கள் பெயர்க்கப்பட்டுப் பளிங்கு ஏறியதும் உயர்நீதிமன்றம் வரை சென்று, யுனெஸ்கோ குழு நேரில் ஆராய்ந்து 2017இல் அறிக்கை தரும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் கோயிலுக்காக வழக்குப் போட ஆள் இருக்கிறது. இந்தப் பள்ளிகளுக்காக வழக்குப் போட எவரும் இல்லை. வெளியார் கேட்டால் 'நீ யார்' என்பார்கள். உள்ளே இருப்பவர் கேட்டால் 'பள்ளி பெரிதாவது உனக்குப் பிடிக்கவில்லையா' என்பார்கள். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்பொருட் சின்னங்கள் சட்டம், காக்கப்பட வேண்டியவை என்று அறிவிக்கப்பட்டவற்றை மட்டுமே காக்கும். அறிவிக்கப்படாத கல், சட்டத்தின் கண்ணில் வெறும் கல்.

ஜமாஅத்துப் பெரியவர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. இடம் போதவில்லை என்றால் முன்னும் பக்கமும் விரித்துக் கட்டுங்கள். முன்னால் ஒரு மண்டபம், அதற்கு முன்னால் இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போவது இந்த நாட்டுக் கட்டட மரபுதான். உள்ளே இருக்கும் பழைய மண்டபம் அப்படியே நிற்கட்டும். மிஹ்ராபின் மேல் எனாமல் வண்ணம் அடிக்குமுன், அங்கே எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். அடக்கத்தலத்தில் சாய்ந்து கிடக்கும் கற்களைச் சுண்ணாம்புக் குழம்பில் முக்காதீர்கள். பிரித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள், படி எடுங்கள், கல்லுக்கு எண் இடுங்கள். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. குவிமாடத்தின் மேல் வைக்கும் பிறைக்கு ஆகும் பணத்தில் பாதி போதும்.

தொல்லியலில் ஈடுபட்ட நண்பர்களிடம் கேட்பது வேறு. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோது நாமும்தான் துள்ளினோம். பொருநை நாகரிகம் என்ற சொல் அன்றுமுதல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நன்று. ஆனால் ஆறு கொற்கையில் நின்றுவிட்டதா? வண்டல் சேரச் சேரக் கடல் விலகியது. கொற்கை நிலத்துக்குள் போயிற்று, காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தது, துறை மீண்டும் கீழே நகர்ந்தது. இதை 1881லேயே தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் விளக்கிவிட்டார். இடையன்குடியிலிருந்து சென்று பழையகாயல் மணலைக் கிளறி, சீன, அரபு நாட்டுப் பாண்ட ஓடுகளைப் பொறுக்கியவர் அவர். மார்க்கோ போலோவின் காயல் அதுவே, காயல்பட்டினமன்று என்பது அவர் முடிவு. காயல்பட்டினத்தார் இன்றும் அதை ஏற்பதில்லை. அந்த வழக்கில் நமக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆசை இல்லை. இரண்டு ஊர்களும் ஒரே கழிமுகத்தின் இரண்டு கைகள் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு பாதிரியார் குடையும் கையுமாகச் சென்று தொடங்கிய வேலையை, கொற்கைக்கு இணையான முனைப்போடு நாம் அங்கே தொடர்ந்தோமா? பொருநையின் பெருமை பேசும் மேடைகளில் தாழிக்கும் நெல்லுக்கும் அடுத்து ஒரு குதிரை இலாடமும், ஒரு சீன ஓடும், ஓர் அரபுக் கல்லறைக் கல்லின் படியும் ஏன் வரக் கூடாது?

இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு சொல். காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர் இருக்கலாம். செந்திலாண்டவன் மேல் அருணகிரியார் பாடிய சந்தங்கள் காற்றில் மிதந்துவரும் தொலைவு. அந்தக் காயலில் காசிம் புலவர் நபிகள் மேல் ஒரு திருப்புகழ் பாடினார். அவருடைய ஆசிரியர் எனப்படும் சதக்கத்துல்லா அப்பாவும் காயலில் பிறந்தவரே, அரபியில் பெரும்புலவர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் உருவான கதையிலும் அவர் பெயர் வரும். பாளையங்கோட்டையில் அவர் பெயரால் ஒரு கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டோம், அப்பா யார் என்று. 'ஒரு மகான்' என்றார்கள். அவ்வளவுதான். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இந்தப் பள்ளிகளின் திண்ணையில்தான் வளர்ந்தது. வீட்டுப் பெண்கள் அதைப் படித்தார்கள். ஆண்கள் கடல் கடந்து போயிருந்த வீடுகளில் அவர்களே எழுத்தறிந்தவர்கள். பள்ளியின் உள்ளே அவர்களுக்கு இடம் இல்லாததால் தைக்காக்களை அமைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெருமை பாடும்போது அதை மறைத்துவிடுவது எமக்கு உடன்பாடன்று.

துவைகல் பற்றிச் சொன்னோம். அந்த முதியவர் எம்மோடு வாய்க்கால் வரை நடந்து வந்தார். கவிழ்ந்து கிடந்த தூணின் ஒரு முனையில், மண்ணில் புதைந்த பக்கத்தில், போதிகையின் பூ முனை மழுங்காமல் இருந்தது. அவர் குனிந்து விரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் ஓதப் படித்ததாகச் சொன்னார். பள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி வைக்கலாம், பையன்களிடம் சொல்கிறேன் என்றார். அப்போது துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "எடுத்துட்டுப் போங்க. ஆனா வேற கல்லு ஒண்ணு போட்டுட்டு எடுங்க" என்றார். அந்தக் கல்லுக்கு நாம் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.